தனியில் எரிந்த விளக்குகள்

ஈயம் உருகும் மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கால் ஆடத் தொடங்கும். எண்பதுகளின் கடைசி, ஊரை விட்டு வெளிநாடு வந்து இருந்த லூயிஷாமில் எங்கள் மாடி பிளாட், குசினி மேசை. அங்கேதான் அப்பாவுக்கு அந்த விளக்குப் பெட்டியைச் செய்தேன்.

ஊரில் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்த நாளோடு அப்பாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. அண்ணை மிருதங்கம் பழகும்போது அதன் கட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். அண்ணைக்கு முதல் கச்சேரி வந்தது. மேடையில் ஏறிக் கை வைக்க ஏலாது. "நீங்கள் போங்கோ. நான் வந்து என்னத்தைப் பாக்கிறது" என்றுவிட்டார் அப்பா. அண்ணை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எனக்குப் படிப்பு ஓடாது. வயர் வேலை மட்டும் ஓடும். உடைந்த கசெற் ரேடியோவின் மைக், கிறிஸ்மஸ் மரத்துப் பல்புகள், ஒரு பிஸ்கற் தகரப் பேணி. சத்தம் விழுந்தால் பல்பு எரியும். மிருதங்கத்தின் இடது கைத் தொப்பிப் பக்கத்துத் தடித்த சத்தத்துக்குச் சிவப்பு, வலது கை வலந்தலையின் மெல்லிய சத்தத்துக்குப் பச்சை. கீழ்வீட்டு வெள்ளைக்காரி கூட்டுகிற தும்புத்தடியால் கீழேயிருந்து கூரையை இடிப்பா என்ற பயத்தில் அண்ணை மிருதங்கத்தில் துவாயைப் போட்டு மெதுவாகத் தட்ட, அந்தச் சத்தத்துக்கே எரியும்படி திருகி வைத்து, இனித் திருக ஏலாதபடி பேணியை ஒட்டி மூடிவிட்டேன். அப்பா பார்த்தார். வாறன் என்றார்.

கச்சேரி நாள் ஹோலில் மேடைக்குக் கீழே, அப்பாவுக்கு நேரெதிரே பேணியை வைத்தேன். சனம் வந்து இருந்ததுமே எல்லாப் பல்பும் எரிந்தன. பிறகு அணையவேயில்லை. பாட்டுக்கு நடுவிலும் சீலை, கலியாணம், ஊர்ப் புதினம் என்று கதைக்கிற சனம்; பல்புக்கு அந்தச் சத்தமே போதும். சும்மா எரிந்துகொண்டு நின்ற விளக்கை அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். நான் எழும்பினேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன்.

"கதிரையிலை முள்ளோ இருக்குதடி? ஒரு இடத்திலை இரு" என்று அம்மா தொடையில் கிள்ளினா.

பாட்டு நின்று தனி தொடங்கியது. மிருதங்கம் மட்டும். எங்கள் சனத்துக்கு அது "தேத்தண்ணி" நேரம். வரிசை வரிசையாக எழும்பி வடைக்குப் போனார்கள். அண்ணையின் முகம் கறுத்தது. கடைசி ஆளும் போய்க் கதவு சாத்த, ஹோல் அடங்கியது.

பல்பெல்லாம் அணைந்தன. பிறகு சிவப்பு. பச்சை, பச்சை, சிவப்பு. அப்பா கதிரை நுனிக்கு வந்துவிட்டார். கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அண்ணை அவரைப் பார்த்து வாசித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

"கடைசியிலை ஒரு பச்சை பிந்திட்டுது, தம்பி" என்றார் அண்ணையிடம்.

அண்ணை சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

அந்த ஹோலை இடித்து பிளாட் கட்டிவிட்டார்கள். பேணி வீடு மாறினதில் எங்கேயோ போய்விட்டது. அப்பாவும் இல்லை. கச்சேரிகளில் தனி தொடங்கினால் சனம் இன்றும் எழும்பும். எனக்குக் கால் ஆடும். நான் எழும்புவதில்லை.