தலையைத் தொட்ட கை

ஜாஸ் கச்சேரியில் பாஸ் தனியாக வாசிக்க ஆரம்பித்தால் சபை பேச ஆரம்பிக்கும். டெட்ராய்ட்டில் இது எழுதாத சட்டம். அதுவரை சாக்ஸபோனுக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தவன், ஆளுயரத் தந்தி வாத்தியமான பாஸ் முன்னே வந்ததும் பக்கத்து மேஜைக்காரனிடம் கார் ரிப்பேரைப் பற்றி விசாரிப்பான். பாஸ் வாசிக்கும் வெர்லீன் பூக்கருக்கு இது இருபது வருஷமாகத் தெரியும். அவள் கணவன் ராய்ஸே அந்தக் கூட்டத்தில் முதல் ஆள். லிவர்னாய் அவென்யூவில் முடி வெட்டும் கடை வைத்திருப்பவன்; கத்திரிக்கோல் நின்றாலும் அவன் வாய் நிற்காது.

அதனால் வெர்லீனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஜாஸ் மேடையில் வாசிப்பவர் கையால் உச்சந்தலையைத் தொட்டால், 'போதும், எல்லோரும் ஆரம்ப மெட்டுக்குத் திரும்புங்கள்' என்று பொருள். தன் முறை வந்தால் வெர்லீன் ஒரே ஒரு சுற்று, அதாவது பாட்டின் அளவுக்கு ஒரு முறை, வாசிப்பாள். அது முடியும்போதே கை தலைக்குப் போய்விடும். யாராவது முகம் சுளிப்பதற்குள் தானே எழுந்து போய்விடுகிற விருந்தாளி மாதிரி. அடக்கமான பெண் என்று ஊரே மெச்சியது. இதைவிடச் சௌகரியமான குணம் வேறு கிடையாது, மற்றவர்களுக்கு.

நாற்பத்தொன்பது வயதில்தான் அவள் முதுகலை படிக்கப் போனாள். ஊர்க் கல்லூரி ஒன்றில் பாஸ் சொல்லித்தரும் வேலை இருந்தது. அவள் வாசிப்பில் அவர்களுக்குக் குறையில்லை. பட்டம் மட்டும் வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் ஜாஸ் வாசிப்புக்குச் சேர்ந்தாள். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அவள் பிள்ளைகளின் வயது. பட்டம் வாங்க ஒவ்வொருவரும் ஒரு கச்சேரி செய்ய வேண்டும்; யாருக்கு அது வந்தாலும் பாஸுக்கு அவளைத்தான் பிடித்தார்கள். பின்னால் நின்று அத்தனை பேரையும் கரையேற்றினாள். கடைசியில் அவள் கச்சேரியே வந்தது.

அவளுடைய பேராசிரியர் மாரோ டிரம்பெட் வாசிக்கும் பெண்மணி. பேச்சும் அதே சத்தம்தான்.

"எல்லார் கச்சேரியையும் தூக்கி நிறுத்திட்ட. இப்ப உன் முறை. கடைசிப் பாட்டு நீ எழுதினது. அதுல நீ தனியா குறைஞ்சது நாலு சுத்து வாசிக்கணும். வழக்கம் போல ஒண்ணோட ஓடினா தேர்ச்சி கிடையாது, சொல்லிட்டேன்."

"நாலா? ஜனங்க எழுந்து காபி குடிக்கப் போயிடுவாங்க, டாக்டர்."

"போகட்டும். திரும்பி வர்றப்பவும் நீ வாசிச்சிட்டிருக்கணும்."

ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று முடிந்ததும் கை மேலே போனது. டிரம்ஸ் வாசித்த கார்னெலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மிஸ் வெர்லீன், அந்தக் கையைக் கட்டிப் போடட்டுமா?"

"கட்டிட்டா, உங்க அப்பாவா வந்து வாசிப்பாரு?"

"அவர் வந்தா நாப்பது சுத்து வாசிப்பாரு. அவருக்கு நிறுத்தத்தான் தெரியாது."

கச்சேரி ஏப்ரல் மாதத்து ஞாயிறு மதியம். சர்ச்சிலிருந்து தொப்பியோடு நேராக வந்துவிட்ட பெண்கள், ராய்ஸ் கூட்டிவந்த கடை வாடிக்கையாளர்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. எல்லாம் நன்றாகவே போனது. கடைசிப் பாட்டில் சாக்ஸபோனும் பியானோவும் தங்கள் பங்கை வாசித்து ஒதுங்கின. வெர்லீன் தனியானாள்.

முதல் சுற்று அழகாக வந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பேசத் தொடங்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தடித்த தந்தி ஒன்று ஒலித்துக்கொண்டிருக்க, சும்மா இருந்த இடது கை மேலே போனது. விரலில் தலைமுடி பட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

கார்னெல் பார்த்துவிட்டான். தலையைத் தொட்டால் திரும்ப வேண்டியதுதான். மேடையில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சாக்ஸபோன் மெட்டை எடுத்தது. முன்வரிசையில் மாரோ கையிலிருந்த பேனாவை மடியில் வைத்தாள்.

இரண்டு வருஷப் படிப்பு, கிடைக்கவிருந்த வேலை, எல்லாவற்றையும் இந்தக் கை வாரிக் கொட்டிவிட்டது. தன் கை மேலேயே வெர்லீனுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனாலும் மெட்டுக்கு அடியில் தாளம் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. கார்னெல் அதிர்ந்த வெண்கலத் தட்டைக் கையால் பிடித்து அடக்கினான். சாக்ஸபோன்காரன் குனிந்து வணங்கினான். கைதட்டல் எழுந்தது.

வெர்லீன் நிறுத்தவில்லை.

பாட்டின் முதலிலிருந்து தனியாக ஆரம்பித்தாள். கைதட்டல் தயங்கி, ஆங்காங்கே அறுந்து, அடங்கியது. வணங்கிய பையன் நிமிர்ந்து விழித்தான். ஒரு சுற்று போனது. கார்னெல் குச்சிகளை வைத்துவிட்டு டிரம்ஸைத் தடவும் மெல்லிய பிரஷ்களை எடுத்து, இருக்கிறானா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சேர்ந்துகொண்டான். மூன்றாவதிலோ நான்காவதிலோ அவள் கணக்கை விட்டுவிட்டாள். ஒரு சுற்றின் முடிவில் கார்னெல் புருவத்தை உயர்த்தி, தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினான். போதுமா?

இல்லை என்று தலையாட்டினாள்.

ராய்ஸுக்குப் பக்கத்தில் இருந்த சர்ச் பெரியவர் அவன் காதருகே சாய்ந்தார். "ஏம்ப்பா, இதுவும் நிகழ்ச்சியில சேத்தியா?" ராய்ஸ் திரும்பாமலே கையைத் தூக்கி அவரை அடக்கினான்.

எல்லாம் முடிந்ததும் வெளியே மாரோ வெர்லீனைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டு முடிஞ்சப்புறம் தனி வாசிப்பு. இப்படி ஒரு கூத்தை நான் எங்கயும் பாத்ததில்ல."

"தப்புதான், டாக்டர்."

"தப்பேதான். ஆனா நாலு கேட்டேன், ஏழு குடுத்துட்ட. போ, தேர்ச்சி."

வண்டியில் பாஸை ஏற்றும்போது ராய்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவைச் சாத்திய பிறகும் பேசவில்லை. வெர்லீனுக்குப் பயமே வந்துவிட்டது.

"என்ன, உடம்புக்கு ஏதாவதா?"

"நீ வாசிக்கிறப்பெல்லாம் நான் பேசிட்டே இருந்திருக்கேன்," என்றான். "என்னத்தையெல்லாம் கேக்காம விட்டேன், வெர்லீன்?"

அவள் சாவியை அவனிடம் நீட்டினாள்.

"ஒவ்வொரு தடவையும் ஒரு சுத்து. அதுக்கு மேல என்ன இருந்துதுன்னு நானே கேட்டதில்ல, ராய்ஸ்."