சீலம் கெட்ட வழக்கு

நான் சீரழிந்தவன் என்பதற்கு நீதிமன்றப் பதிவு இருக்கிறது. மற்றவர்களுக்கு இந்தச் செய்தி உறவினர்கள் வாயால்தான் வரும், நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். என் விஷயத்தில் அந்தச் சந்தேகமே இல்லை. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் கூண்டில் ஏறி, சத்தியம் செய்துவிட்டு, அப்பாவே சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு வீடியோ கேம் கடை திறந்தது. கல்ஃபிலிருந்து திரும்பிவந்த ஒருவர் நான்கு டிவியும் நான்கு மர ஸ்டூலும் போட்டு, சன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தார். யூனிஃபார்ம் அணிந்தவர்களுக்கு அனுமதியில்லை என்று வாசலில் அட்டை தொங்கியது. சட்டத்தை மதிக்கிற மனிதர். நாங்களும் மதித்தோம். புத்தகப்பைக்குள் ஆளுக்கொரு கலர்ச்சட்டை வைத்துக்கொண்டோம்.

அந்த விளையாட்டுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டாங்கி இன்னொரு டாங்கியைச் சுடும். ஒரு கார் முடிவே இல்லாத சாலையில் ஓடும். அதற்காக நான் சோறு மறந்தேன், குளிக்க மறந்தேன், அரைப்பரீட்சையில் எழுத வேண்டியதையும் மறந்தேன். சாப்பிடும்போது என் பெருவிரல்கள் இலையோரத்தில் தானாகத் துள்ளும். அம்மா அதை வாயுக்கோளாறு என்று முடிவுசெய்து பூண்டு அவித்துத் தந்தாள். பிற்காலத்தில் தலையணைத் தடிமனுள்ள நாவல்களை ஒரே இருப்பில் படித்து முடித்தபோது பலர் மெச்சினார்கள். அதே நோய்தான். இதற்கு மரியாதை அதிகம், அவ்வளவே.

அப்பா அதே பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். மலையாளம் அவருக்கு நன்றாகவே வரும். மீன் விலை பேசவும் கண்டக்டரோடு சண்டை போடவும் வேண்டியதற்கு மேலேயே வரும். ஆனால் சர்க்கார் ஆபீசின் படியை மிதித்ததும் அவருக்கு மலையாளம் மறந்துவிடும். எல்லையில் வாழும் தமிழனுக்குத் தமிழில் பேச உரிமை உண்டு என்று நின்றுவிடுவார். அந்த உரிமையைக் கேட்டே ரேஷன் கார்டுக்கு நாங்கள் மற்றவர்களைவிட அதிகமாக நடந்திருக்கிறோம்.

ஒருநாள் மதியம் அவர் கடைக்குள் நுழைந்தார். கலர்ச்சட்டையில் என் முதுகை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்து ஸ்டூல்காரனின் காதைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவன் குளத்தூர் கடற்கரையிலிருந்து வரும் மீன்பிடிக்காரர் ஒருவரின் மகன், விளையாட்டில் என் கூட்டாளி. தவறான காது என்று தெரிந்தபிறகும் அப்பா அதை விடவில்லை. மற்றக் கையால் என் காதைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் எழுந்து நின்றார்.

"சாறே, நான் ஆரையும் வீட்டுல போயி விளிச்சிட்டு வரல்ல. தானா வாறாவ."

"பிள்ளைகளுக்குக் கள்ளு வித்தாலும் இந்த நியாயம் சொல்லுவீரா?"

"கள்ளுக்கு லைசென்சு எனக்கிட்ட இல்ல சாறே. இதுக்கு உண்டு. காணணுமா?"

அந்த லைசென்சுதான் அப்பாவைக் கோர்ட்டுக்கு அனுப்பியது. காதுவழியாக அறிமுகமான மீன்பிடிக்காரரையும் சேர்த்துக்கொண்டார். கடை பிள்ளைகளைக் கெடுக்கிறது, பூட்ட வேண்டும் என்று இரு தகப்பன்மார் வழக்குப் போட்டார்கள். வக்கீல் நெய்யாற்றின்கரைக்காரர். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் ஓடும் ஆசாமி. அவர் முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திருப்தியோடு தலையாட்டினார்.

"கொள்ளாம். நல்லா நசிச்சிட்டுண்டு. கோர்ட்டுக்கு நஷ்டம் கண்ணால காணணும் சாறே. இவன் போதும்."

இப்படி நான் வழக்கின் சாரமானேன். அப்பா முயற்சியில் குறை வைக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில், கொல்லயில் கிராமத்து டீக்கடையில், கல்யாணவீட்டுப் பந்தியில், என் சீரழிவை அவர் விளக்காத இடமில்லை. நான் பக்கத்தில் நின்றாலும் நிறுத்தமாட்டார். "இவன்தான்" என்று காட்டுவதற்கு வசதி. ஆட்கள் என் கண்களை உற்றுப் பார்த்து, "தெரியுது, தெரியுது" என்பார்கள்.

ஆனால் கோர்ட் கோர்ட்டின் வேகத்தில் நடந்தது. ஒருமுறை ஜட்ஜிக்கு மாற்றம், ஒருமுறை எதிர்வக்கீலுக்குக் காய்ச்சல், இன்னொருமுறை ஏன் என்றே யாருக்கும் தெரியாது. நான் எட்டாம் வகுப்புக்கு வந்தேன். அதற்குள் அந்தக் கடையில் இருந்த எல்லா ஆட்டங்களையும் கடைசிவரை ஆடி முடித்துவிட்டேன். முடிந்தபிறகு எந்த ஆட்டத்திலும் ஒன்றும் இல்லை. டிவியில் ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து வரும், பிறகு மறுபடி முதலிலிருந்து. யாரும் புத்தி சொல்லாமல், யாரும் அடிக்காமல், வெறும் சலிப்பினால் நான் நின்றேன். ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சையில் கணக்கில் முதல் மார்க் எனக்கு. கணக்குவாத்தியார் ஸ்டாஃப் ரூமில் வைத்து அப்பாவுக்குக் கைகொடுத்தாராம். அப்பா அந்தக் கையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி தேடியது மாதிரி இருந்தது என்று வாத்தியாரே பின்னால் சொன்னார்.

வக்கீல் கேள்விப்பட்டு வருத்தப்பட்டார்.

"சாறே, இது சதிச்சது போல ஆச்சே. பையன் நன்னாயா என்ன கேஸ்? இந்த வருஷம் அவன் தோத்தா நமக்கு ஒரு பிடிப்பு. நான் தோக்கணும்னு பறயல்ல. ஜெயிக்காம இருந்தா மதி, அது போதும்."

நான் அறையில்தான் இருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

மீன்பிடிக்காரர் அதற்குள் வழக்கிலிருந்து கழன்றுகொண்டார். வீட்டுக்கே வந்து சொன்னார். கையோடு ஒரு பொதி நெத்திலியும் இருந்தது.

"பயலை வள்ளத்துல ஏத்தியாச்சு சாறே. பள்ளிக்கூடத்துல நிண்ணாத்தானே எதிர்த்த கடைக்குப் போவான்? கடலுக்குள்ள எந்தப் பட்டனைத் தட்டுவான்?"

"படிப்பு என்னாவும்?" என்றார் அப்பா.

"படிப்புக்கு நீங்க கேஸ் நடத்துங்க. நான் மீன் கொண்டு தாறேன்."

என் கூட்டாளிக்கு அன்றைக்குப் பதினாலு வயது. அவனுக்காக யாரும் யார்மேலும் வழக்குப் போடவில்லை. நெத்திலி நன்றாக இருந்தது என்று எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது, ஆனால் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மார்ச்சில் அப்பாவின் சாட்சி விசாரணைக்குத் தேதி விழுந்தது. அது என் முழுப்பரீட்சையில் கணக்கு நாள். பையனை ஜட்ஜி ஒருமுறை நேரில் காணவேண்டும் என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா அதிர்ந்து பேசுகிறவள் அல்ல. அன்று காலை அடுக்களை வாசலை மறித்து நின்றாள்.

"நீங்க போங்க. அவன் பரீட்சைக்குப் போவட்டும்."

"வக்கீலு கொண்டு வரச் சொல்லியாச்சு."

"கேசுக்கு இன்னொரு தேதி உண்டு. பரீட்சைக்கு உண்டுமா? எட்மாஸ்டருக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, பின்ன ஒருநாளு எழுதட்டும்."

"நான் வாத்தியானாக்கும். எனக்க பிள்ளைக்குன்னு சலுகை கேக்க மாட்டேன்."

"சலுகை வேண்டாம். பிள்ளையா வச்சாப் போரும்."

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாலே" என்றார். நான் போனேன். பஸ் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பிள்ளைகள் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்தான். நான் பரீட்சைக்கு வராமல் எங்கோ உல்லாசமாகப் போகிறேன் என்று பொறாமைப்பட்டிருப்பான்.

கோர்ட் வராந்தாவில் வக்கீலின் குமஸ்தா என்னைப் பரிசோதித்தார். அம்மா எண்ணெய் தேய்த்து வாரிவிட்ட தலையைக் கைவிட்டுக் கலைத்தார். மேல்பட்டனைக் கழற்றினார். "கண்ணட உண்டோ?" என்று மூக்குக்கண்ணாடியைப் பற்றிக் கேட்டார். இல்லை என்றேன். "கஷ்டம்" என்றார்.

அப்பா கூண்டில் ஏறினார். தமிழில்தான் பேசுவேன் என்று முதலிலேயே சொன்னார். ஜட்ஜி, அந்தப் பக்கத்து ஜட்ஜிகளின் பொறுமையோடு, "பேசிக்கோளூ, மனசிலாகும்" என்றார். எங்கள் வக்கீல் அப்பாவைப் பலநாள் பழக்கிவைத்திருந்தார். கடை வருவதற்கு முன் பையன் தங்கம், கடை வந்தபின் தகரம், இதுதான் மொத்த வழக்கு, எந்தக் கேள்வி வந்தாலும் தங்கத்தையும் தகரத்தையும் விட்டுவிடாதீர்கள் என்று. அப்பா ஒப்பித்தார். நன்றாகவே ஒப்பித்தார்.

எதிர்வக்கீல் எழுந்தார். இளைஞர், மென்மையான குரல்.

"சாறினோடு ஒரே ஒரு சோத்யம். ஈ கடை வருந்நதினு முன்பே மோனு சீலம் உண்டாயிருந்நோ?"

மலையாளத்தில் சீலம் என்றால் பழக்கம். இந்த வீடியோ கேம் பழக்கம் பையனுக்கு முன்பே இருந்ததா என்று அவர் கேட்டார். தமிழில் சீலம் என்றால் நல்லொழுக்கம். மீன் சந்தையில் கேட்டிருந்தால் அப்பாவுக்கு இது சரியாகவே விளங்கியிருக்கும். ஆனால் அவர் கோர்ட்டில், உரிமையோடு, தமிழுக்குள் நின்றுகொண்டிருந்தார். தங்கத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று அவர் முகம் மலர்ந்தது.

"உண்டு" என்றார். "பிறந்ததுமுதல் உண்டு. எனக்க அப்பாவுக்கு உண்டு, எனக்கும் உண்டு. எங்க குடும்பத்துல வழிவழியா உள்ளதாக்கும் அது."

பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். ஜட்ஜி பேனாவை நிறுத்திவிட்டு, "சாறினு இப்போழும் உண்டோ?" என்று கேட்டார்.

"இண்ணும் உண்டு. ஒருநாளும் விட்டதில்ல."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு இரண்டு மொழியும் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. மலையாளத்தில் எங்கள் வழக்கு தோற்றுக்கொண்டிருந்தது. தமிழில் அப்பா, பிறந்ததுமுதல் நான் நல்லவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து அதை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கலைந்த தலையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மதிய இடைவேளையில் வக்கீல் அப்பாவை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார். நானும் பின்னால் போய் நின்றேன். என்ன நடந்தது என்று அப்பாவுக்கு விளங்கவே சற்று நேரம் ஆனது. விளங்கியதும் காதுவரை சிவந்தார்.

"திருத்தலாம்" என்றார் வக்கீல். "தமிழில் சீலம்னா நல்ல குணம்னு நான் எடுத்துச் சொல்லிக்கலாம். பக்ஷே அடுத்த கேள்வி வரும். நல்ல குணமுள்ள பையன், கணக்கில் முதல் மார்க், இப்பவும் நல்லவன்தானேன்னு கேப்பான். ஆமான்னு சொன்னா நஷ்டமில்ல, கேஸ் இல்ல. நமக்கு வீட்டுக்குப் போலாம். என்ன சொல்லுறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். அந்த இரண்டு வருடமும் அவர் என்னைக் காட்டினார், பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. பரீட்சை அதற்குள் முடிந்திருக்கும். ஆனால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஒரு 'ஆமா'வைச் சொல்லிவிட்டு அவர் இறங்கிவந்தால் போதும் என்று நின்றேன். எங்கள் வீட்டில் வாய்திறந்து கேட்கும் வழக்கம் இல்லை.

"கேசுன்னு வந்தாச்சு" என்றார் அப்பா.

இடைவேளைக்குப் பிறகு அவர் மறுபடி கூண்டில் ஏறினார். வக்கீல் சீலத்துக்குத் தமிழில் அர்த்தம் சொன்னார். ஜட்ஜி ரசித்துக் கேட்டார். பிறகு வக்கீல், "அப்போ பண்டு நல்லவன். இப்போ மகன் எங்ஙனெ?" என்று கேட்டார்.

அப்பா சொல் தேடினார். நிகண்டு முழுவதும் தெரிந்த மனிதர், இந்தமுறை எந்த ஓட்டையும் இல்லாத ஒரு சொல்லுக்காகத் தவித்தார். எங்கள் பக்கத்தில் கெட்டுப்போனதற்கு 'சீத்த' என்பார்கள். அழுகின மீனுக்கும் சீத்த, மோசமான ஆளுக்கும் சீத்த. மலையாளத்திலும் அதுவே, அதே அர்த்தம். வகுப்பில் எவனாவது அப்படிச் சொன்னால் கொச்சை என்று அப்பா பெஞ்சுமேல் ஏற்றிவிடுவார்.

"இப்போ சீத்தயாக்கும்" என்றார்.

ஜட்ஜி உடனே எழுதிக்கொண்டார். யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பிவரும் பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. அமரவிளைப் பாலம் தாண்டியபிறகு அப்பா கேட்டார்.

"கணக்கு இண்ணைக்குக் கஷ்டமா இருந்திருக்கும், இல்லியா?"

"தெரியாது" என்றேன்.

தீர்ப்பு மே மாதக் கடைசியில், முதல் மழையோடு வந்தது. பையன் கெட்டதாகத் தகப்பனார் சொல்கிறார், அது கடையால்தான் என்பதற்கு ஆதாரமில்லை, தள்ளுபடி. கடைக்காரர் கொஞ்சநாளில் தாமே கடையை மூடினார். எங்களைப்போல ஊரே ஆட்டங்களை ஆடி முடித்துச் சலித்திருந்தது. அப்பாவோ ஹெட்மாஸ்டரிடம் அந்த ஒரு வார்த்தையைக் கடைசிவரை சொல்லவில்லை.

ஜூனில் நான் மறுபடி ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தேன். என்னைவிடச் சிறியவன் ஒருவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து கேட்டான்.

"நீ எதுலலே தோத்தே?"

"கேசுல."

"வெளையாடாதலே" என்றான்.