பேசுவது யார் என்று கேட்டவள்

குத்துக்கல்வலசையில் முத்துச்செல்வி என்று ஒருத்தி இருக்கிறாள். வயது இருபத்து மூன்று. ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சுடலைக்கண்ணுவின் மகள். பெற்ற அப்பனைச் சாமி கைவிடக் காரணமானவள் என்று அவளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. படிப்பு தலைக்கேறினவள் என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் நம்ப வேண்டாம். நடந்தது என்னவோ அதைக் கேளுங்கள், பிறகு உங்கள் பாடு.

காக்கிச் சட்டை காயாத குடும்பம் அது. அண்ணன் வேல்ராஜ் ராணுவத்தில். பெரியப்பா மக்கள் இரண்டு பேர் போலீசில். இவளையும் விடவில்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுப்பி மைதானத்தில் ஓட விட்டார்கள். போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறினாள், ஓட்டத்தில் மூன்று நொடி பிந்தியதில் போனது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "எப்பா, இன்னொரு தடவ ஓட மாட்டேன். நான் மேல படிக்கப் போறேன்."

"என்ன படிப்பு?"

"மதமும் தத்துவமும். ரெண்டு வருசம்."

அம்மா வடிவம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "சாமியப் பத்திப் படிக்கவா? ஏட்டி, கும்பிட்டாப் போதாதா? படிச்சு முடிச்சா என்ன வேல தருவாவ, கோயில்ல மணி அடிக்கவா?"

சுடலைக்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். முப்பது வருடம் குடித்தனம் செய்த வடிவம்மாளுக்கே அது பிடிபடவில்லை. மகள் சரி என்று எடுத்துக்கொண்டு மனுப் போட்டாள்.

சித்திரையில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் செல்போனில் வந்தது. இடம் உண்டு, ஆனால் ஒரு கண்டிப்பு. இவள் பட்டம் வாங்கியது வரலாற்றில். தத்துவம் படிக்காமல் வருகிறவர்கள் கோடை விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி வைகாசிக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அதை வைத்து நேர்முகம் நடக்கும். கட்டுரை நிற்காவிட்டால் இடம் போய்விடும். எழுத வேண்டியது இதுதான்: உங்கள் வீட்டு வழிபாட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுங்கள். அதற்கு 'ஆம்' என்பவர் சொல்வதையும் 'இல்லை' என்பவர் சொல்வதையும் எழுதுங்கள். அவரவரிடம் வாசித்துக் காட்டினால் 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் முடிவு அதற்குப் பிறகுதான்.

அவள் வீட்டு வழிபாடு என்றால் தளவாய்மாடன் கொடை. வருடத்துக்கு ஒருமுறை, வைகாசியில், குளக்கரைக் கோயிலில் சொக்காரப் பங்காளிகள் எல்லாம் கூடிக் கொடுக்கிற விழா. அதில் சாமியாடி யார்? சுடலைக்கண்ணு. இருபத்து நான்கு வருடமாக அவர்மேல்தான் சாமி இறங்குகிறது. நோட்டைத் திறந்தவுடன் முத்துச்செல்வியின் கை எழுதிய கேள்வி: சாமி வந்து பேசும்போது பேசுவது யார்? சாமியேதானா?

எழுதிய பிறகு நோட்டைச் சட்டென்று மூடினாள். அந்தக் கேள்வியை அந்தக் குடும்பத்தில் யாரும் சாமியாடியிடம் கேட்பதில்லை. கேட்டவனுக்கும் ஆகாது, சொன்னவனுக்கும் ஆகாது என்பார்கள். சாமி மலையேறியதும் ஆடியவர் தண்ணீர் குடிப்பார், திருநீறு பூசுவார், ஒரு ஓரமாய் உட்காருவார். எப்படி இருந்தது என்று கட்டிய பெண்டாட்டிகூடக் கேட்க மாட்டாள்.

படிப்பதற்கு அவள் போனது குற்றாலத்துக்கு. அருவிப் பக்கத்தில் அவளுடைய தோழி ஜன்னத்தின் வீட்டுக்குப் பழக்கடை இருந்தது. சீசன் தொடங்க இன்னும் நாள் இருந்ததால் பாறை வறண்டு நூல் மாதிரித்தான் தண்ணீர். பாதிக் கடைகள் அடைப்பு. காலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து முத்துச்செல்வி படிக்க, ஜன்னத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே வாயைக் கிளறுவாள்.

'இல்லை' பக்கம் மூன்றே நாளில் முடிந்தது. பட்டினி, மேளம், நூறு பேர் எதிர்பார்ப்பு, சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கம், இவ்வளவும் சேர்ந்தால் மனசு தானே அப்படித் திரும்பிக்கொள்ளும், அதற்கு வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியதில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். 'ஆமாம்' பக்கத்தை ஐந்து தடவை எழுதி ஐந்து தடவையும் கிழித்தாள். ஆறாவதை ஜன்னத் ஈரக் கையோடு வாங்கி வாசித்தாள்.

"நல்லாருக்கு. ஆனா இது நீ பேசுத மாதிரி இருக்கு. உங்க அப்பாட்ட காட்டுனா, 'இதயா நான் சொன்னேன்'னு கேப்பாவ."

"அவிய ஒண்ணுமே சொன்னது இல்லட்டி."

"அப்ப கேளு."

"கேக்கக் கூடாதுட்டி."

"கேக்கக் கூடாத கேள்விய எழுதப் போறேன்னு யாரு ஒன்னய அடம்பிடிக்கச் சொன்னா? பொங்கல் ஏன் இனிக்குதுன்னு எழுதிட்டுப் போயேன்." ஜன்னத் சிரித்தாள். முத்துச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று சித்திரை முழுக்கவும் வைகாசியில் பாதியும் தள்ளினாள். அதுதான் அவள் செய்த பிசகு, வேறொன்றும் இல்லை. தள்ளித் தள்ளி, கோயிலில் பந்தக்கால் நாட்டி அப்பா கையில் காப்பும் கட்டியாகிவிட்டது. இனி கொடை முடியும்வரை எட்டு நாள் அவர் வீட்டுக்கு வர மாட்டார். கோயில் கொட்டகையில் பாய்கூட இல்லாமல் படுக்கை. ஒரே வேளைச் சாப்பாடு. இலையிலிருந்து எழுந்துவிட்டால் மறுநாள்தான் அடுத்த கவளம். வடிவம்மாளுக்கு மூட்டுவலி என்பதால் தூக்குவாளியைக் கொண்டுபோனது மகள். கொடை செவ்வாய்க்கிழமை. கட்டுரை அனுப்ப வேண்டியது அந்த வெள்ளி.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. அவர் இரண்டாவது கவளத்தை உருட்டினார். அப்போது கேட்டுவிட்டாள்.

"எப்பா. சாமி வந்து பேசும்போது, பேசுதது நீங்களா?"

கை நின்றது. அவர் அவளைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தார். பிறகு உருட்டிய கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து கைகழுவப் போனார். அவ்வளவுதான். அந்தச் சோற்றை அப்படியே மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து அம்மா கேட்டாள்: "என்னட்டி, உங்கப்பா சாப்பிடலயா?"

மறைக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் மறைத்திருப்பாள். இவள் சொல்லிவிட்டாள். வடிவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாசமாப் போச்சு! காப்புக் கட்டுன ஆளுகிட்டயா கேட்ட? இனி சாமி வரலேன்னா என்னட்டி செய்வ? ஒங்க சித்தப்பன் ஊரக் கூட்டிருவானே!"

அதற்குப் பிறகு இரண்டு நாளும் அந்தப் பிள்ளைக்குச் சோறு தண்ணி சரியாய் இறங்கவில்லை. நோட்டை எடுப்பாள், 'சாமியேதானா?' என்று தான் எழுதியதைப் பார்ப்பாள், மூடுவாள். நம்பிக்கை இல்லாதவளாக இருந்தால் அவளுக்கு என்ன பயம்? அவளுக்குப் பயம் இருந்தது. சாமி வராமல் போய்விடுமோ என்று பயப்படுகிற அதே மனசுதான் வருவது சாமிதானா என்றும் கேட்டது. ஒரே அடுப்பில் இரண்டு உலை கொதிக்கக் கூடாதா என்ன?

செவ்வாய் காலை குற்றாலத்திலிருந்து தீர்த்தம் வந்தது. அருவியில் தண்ணீர் இல்லாததால் குடம் நிறைய வெகுநேரம் ஆனதாம். கேட்டதும் அதுவும் தன்னால்தானோ என்று நினைத்தாள்.

மதியக் கொடை. நையாண்டி மேளம் காதைப் பிளந்தது. சுடலைக்கண்ணு மாலை போட்டு, மணி கட்டிய ஈட்டியான வல்லயத்தைக் கையில் பிடித்துச் சாமி முன்னால் நின்றார். பெண்கள் குலவையிட்டார்கள். மற்ற வருடம் என்றால் மேளம் மூன்றாவது அடிக்குப் போகும்முன் வல்லயத்தின் மணி குலுங்கிவிடும். இன்றைக்கு அரை மணி நேரம் ஆயிற்று, மணி ஒரு சின்னச் சத்தம்கூடப் போடவில்லை. அவர் கண்ணை மூடி மரம் மாதிரி நின்றார். மேளக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். பிள்ளை வரம் கேட்கவும் கல்யாணம் கேட்கவும் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சுடலைக்கண்ணு கண்ணைத் திறந்து வல்லயத்தைச் சுவரில் சாய்த்தார்.

மேளம் நின்றது. அவர் தம்பி இசக்கிதுரை, கொடை நடத்துகிற பொறுப்பு அவருடையது, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "மயினி எல்லாம் சொன்னாவ. காப்புக் கட்டுன அண்ணன்கிட்ட இந்தப் புள்ள கேக்கக் கூடாதத கேட்டிருக்கு. அதான் சாமிக்குக் கோவம்."

"நான் என் வாயால..." என்று வடிவம்மாள் அழத் தொடங்கினாள்.

"அழுது என்ன செய்ய மயினி? பூக் கட்டிப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா புள்ள மேல குத்தமில்ல. செவப்பு வந்தா குத்தம் இவளோடதுதான். இவ அந்தப் படிப்புக்குப் போகக் கூடாது. சம்மதமா எல்லாருக்கும்?"

கூட்டம் சம்மதம் என்றது. அவளை யாரும் கேட்கவில்லை. பூசாரி இரண்டு பூவையும் தனித்தனி வாழையிலையில் மடித்துக் கட்டிக் குலுக்கிச் சாமி காலடியில் போட்டார். ஒரு சின்னப் பெண்குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். அது ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பூசாரி நாரில் நகத்தை வைத்தார். முத்துச்செல்வி அந்த நகத்தையே பார்த்தாள். இரண்டு வருடப் படிப்பும் அந்த நாரில்தான் இருந்தது.

"அவுக்காதீரும்," என்றார் சுடலைக்கண்ணு.

"எண்ணே, நீங்க சும்மா இரிங்க."

"நீ சும்மா இருல. சாமி வராதது இன்னைக்கு இல்ல. மூணு வருசமா வரல."

"போன வருசம் ஆடுனியளே?" என்றார் இசக்கிதுரை. குரலில் சத்தம் இல்லை.

"ஆடுனேன். அடவு எல்லாம் தெரியும்லா. இத்தன பேரு நிக்கிய, என்ன செய்யச் சொல்லுத? வராதோன்னு பயந்து ஆடுனேன். மூணு வருசம் பொய்யாடுனேன். இன்னைக்கும் ஆடியிருப்பேன். ஞாயித்துக்கெழம இந்தப் புள்ள கேட்டுது, பேசுதது நீங்களான்னு. ஆமா, நான்தான்னு தொண்ட வரைக்கும் வந்திட்டு. அதுக்குப் பொறவு சோறு எறங்கல. ஆடவும் முடியல." காப்புக் கயிற்றை அவரே அவிழ்த்துப் பூசாரியிடம் கொடுத்தார். "குத்தம் எனக்கு எழுதுங்க. அவளுக்கு எழுதாதீங்க."

பூசாரி மடிப்பைப் பிரிக்காமல் சாமி காலடியிலேயே வைத்துவிட்டார்.

அன்று கொடை எப்படியோ நடந்து முடிந்தது. இசக்கிதுரை வீட்டுக்கு வருவதை நிறுத்தினார், இன்றுவரை வரவில்லை. புதன்கிழமை சுடலைக்கண்ணு பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லாத அவர் முதுகு திடீரென்று கிழவர் முதுகு மாதிரித் தெரிந்தது அவளுக்கு. கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்து நோட்டை அலமாரியில் வைத்தாள். இவ்வளவு நடந்த பிறகு என்ன கட்டுரை?

வியாழக்கிழமை அவரே கேட்டார். "எழுதி முடிச்சிட்டியா?"

"இல்லப்பா. அனுப்பல."

"ஏன்?"

"'இல்ல'ங்கிறவன் பக்கம்தான் ஜெயிச்சிட்டே. நீங்க சொன்னத எழுதுனா 'ஆமா'ங்கிற பக்கத்துக்கு ஆளே கெடையாது."

சுடலைக்கண்ணுக்குக் கோபம் வந்தது. நாலு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் உயிர் வந்தது என்றும் சொல்லலாம். "யாருட்டி ஆளு கெடையாதுன்னது? நான் இருக்கேன். இருபத்தோரு வருசம் வந்துச்சு. மூணு வருசம் வரல. வராம ஆடும்போது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். கால் வலிக்கும். யாரு பாக்கான்னு கண்ணு தேடும். அடுத்து என்ன சொல்லணும்னு யோசிக்கணும். வந்தப்ப அது ஒண்ணும் கெடையாது. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லுதவன் ரெண்டுல ஒண்ணத்தான் பாத்திருப்பான். நான் ரெண்டையும் பாத்தவன். எழுது."

எழுதினாள். பேனா ஓட ஓட அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதினாள். வாசித்துக் காட்டினாள். "'கால் வலிக்கும்'ங்கிறத முன்னால போடு," என்றார். போட்டாள். பிறகு அந்த 'இல்லை' பக்கத்தையும் வாசிக்கச் சொன்னார். முழுக்கக் கேட்டார். "இவனும் லேசுப்பட்டவன் இல்ல," என்று மட்டும் சொன்னார். 'என் முடிவு' என்ற இடத்தில் அவள் எழுதியது ஒரே வரி: முடிவு சொல்ல எனக்கு இன்னும் படிப்புப் போதாது. வெள்ளிக்கிழமை காலை கட்டுரை போயிற்று.

பத்து நாள் கழித்து நேர்முகம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியை அம்மா கட்டுரையைப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "முன்னாடி சாமி வந்ததா உங்க அப்பா சொல்றதும் பொய்யா இருக்கலாமே?"

முத்துச்செல்வி அவரை நேரே பார்த்தாள். "இருக்கலாம் மேடம். ஆனா அவரு பொய் சொன்னத எங்களுக்குச் சொன்னதும் அவருதான். வேற யாரும் கண்டுபிடிக்கல."

அந்த அம்மா ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாமலே அவள் படியிறங்கினாள். வாசலில் சுடலைக்கண்ணு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன கேட்டாவ?"

சொன்னாள். தான் சொன்ன பதிலையும் சொன்னாள். அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். அது சரி என்றா, இல்லை என்றா, அவளுக்கு விளங்கவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, தென்காசி வரும்வரை செல்போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறுநாள் சாயங்காலம்தான் இடம் உறுதி என்று செய்தி வந்தது.