அத்தான் வாங்கிய பெரிய கார்டு

"எல்லாக் கரண்டும் இதுக்கே போகட்டும்லா" என்று சொல்லி அத்தான் ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதற்கு முன்பே மின்விசிறியை நிறுத்தியிருந்தார், தொலைக்காட்சியையும் நிறுத்தியிருந்தார். நாங்கள் குடியிருந்த பாயான் பாரு அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் அத்தானும் அக்காவும் நானும் வேர்த்து வழிய ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான் வரைந்த வீடு திரையில் வந்தது, மெல்லத் திரும்பத் தொடங்கியது. பாதி திரும்புவதற்குள் திரை இருண்டு, இயந்திரம் மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. அத்தான் எழுந்து சமையலறை விளக்கை அணைக்கப் போனார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். நிபோங் திபால் என்ற சிற்றூரிலிருந்து வேலைக்கு வந்த நான் அவர்கள் வீட்டில் தங்கி, ஜார்ஜ் டவுனில் கட்டட வரைபட அலுவலகம் ஒன்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. காகிதத்தில் கோடு போடுவதை விட்டு, வீட்டை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கும்படி கணினியில் அமைக்கிற வேலைக்கு அங்கேயே ஓர் இடம் காலியாயிற்று. வேண்டுமென்பவர்கள் திங்கட்கிழமை ஒரு முழு வீட்டைச் செய்து கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்த இடத்தின் மேல் எனக்கு வெறியே இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

வீட்டில் இருந்த கணினி, தொழிற்சாலை கழித்துப்போட்டதை அத்தான் வாங்கி வந்தது. மெலிந்த அலுவலகப் பெட்டி. வீட்டைத் திருப்பிக் காட்ட அதற்குத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்தேன். உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை நூறு வாட்கூட இல்லை. அந்த அளவுப் பெட்டிக்குள் வேறு பவர் சப்ளையும் நுழையாது. ஆகவே அதிகம் மின்சாரம் இழுக்காத, காற்றாடி இல்லாத சின்னக் கார்டுதான் சரி என்று முடிவு செய்தேன். நான் எடுத்த முடிவு சரியானது. அதை உரியவரிடம் கொண்டுசேர்த்த வழியில்தான் வினை இருந்தது.

எங்கள் வீட்டில் அத்தானிடம் யாரும் நேராக எதையும் கேட்பதில்லை. சண்டை ஒன்றுமில்லை, மரியாதை. எது வேண்டுமானாலும் அக்கா வழியாகத்தான் போகும். "பவர் சப்ளை சின்னது அக்கா, பெரிய கார்டு போட்டா தாங்காது. சின்னதா வாங்கச் சொல்லு" என்றேன். அக்கா தலையாட்டிவிட்டுப் போய் அவரிடம், "சின்னதே போதுமாம், உங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு பாக்குறா" என்றாள். மச்சினிச்சி கூச்சப்படுகிறாள் என்று அத்தானுக்கு மனசு உருகிவிட்டது. சனிக்கிழமை கொம்தார் கடைத்தொகுதிக்குப் போய், கடையில் இருந்ததிலேயே பெரிய கார்டை வாங்கி வந்தார். செங்கல் கனம், முதுகில் ஒரு காற்றாடி வேறு.

"நான் சொன்னதை ஏன் சொல்லலை?" என்று சமையலறையில் அக்காவைப் பிடித்தேன்.

"அவர் ஆசையா கொண்டாந்த மிஷினுக்குத் தெம்பு இல்லைன்னு அவர்கிட்டயே நான் எப்படிடி சொல்றது?"

நானும் நேராக அத்தானிடம் போய்ச் சொல்லவில்லை. சாதாரண எழுத்து வேலைக்கு அந்தக் கணினி ஒழுங்காக ஓடியது, அதனால் அத்தானுக்குச் சந்தேகமே வரவில்லை. வீட்டைத் திருப்பினால்தான் செத்தது. குற்றம் முழுவதையும் அவர் வீட்டு வயரிங் மேல் போட்டார். ஐஸ் பெட்டியில் மீன் கெட்டுப்போனது. திருப்ப முடியாததால், திரையில் நான் கட்டிய வீட்டுக்குப் பின்பக்கச் சுவர் முளைக்கவே இல்லை.

திங்கட்கிழமை, முன்பக்கம் மட்டும் இருந்த வீட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "பின்பக்கம்?" என்றார் மேலாளர். அந்த இடம் இன்னொருவருக்குப் போயிற்று.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அத்தான் அக்காவைப் பார்த்து, "வேலை என்ன ஆச்சுன்னு கேளு" என்றார்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கியது. "கிடைக்கலை அத்தான்" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "உங்க மிஷினோட பவர் சப்ளை இந்தக் கார்டைத் தாங்காது. சின்னதுதான் வேணும்னு முதல்லேயே சொன்னேன்."

அத்தான் கோபிக்கவில்லை. தட்டை நகர்த்திவைத்துவிட்டு, "இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாம்லா, தங்கச்சி" என்றார். இத்தனை வருடம் கழித்தும் அந்த வார்த்தையை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. அது அவர் மேலா, அக்கா மேலா, மரியாதை என்று நாங்கள் மூன்று பேரும் கட்டிக் காத்த அந்த மௌனத்தின் மேலா, தெரியவில்லை.

மறுநாளே அத்தான் கடைக்காரரிடம் மன்றாடிக் கார்டை மாற்றி வந்தார். சின்னக் கார்டு, காற்றாடி இல்லை. ஐஸ் பெட்டி ஓடியது, மின்விசிறி சுழன்றது, பின்பக்கச் சுவரை ஒரே மாலையில் எழுப்பி முடித்தேன். வீடு நிதானமாக நாலு பக்கமும் திரும்பியது. அத்தான் கை தட்டினார். காட்ட வேண்டிய நாள்தான் முடிந்துபோயிருந்தது.