சர்க்கரை இல்லாத வெற்றிப் பொங்கல்

2024 ஆம் ஆண்டு, புரட்டாதி மாதம். ஜனாதிபதித் தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையில் நடந்தது இது. கிளிநொச்சி மாவட்டத்தில், ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் வயலுமாக இருக்கிற ஊர் ஒன்றின் சந்தியில், தகரம் போட்ட சின்னத் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. அது என்னுடையது. கணவரும் கூடமாட நிற்பார், ஆனால் கடை என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம்.

எங்கள் ஊரில் ஒரு பகுதியார் குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கமக்காரர். மற்றப் பகுதியார் எங்களைப் போல மலையகத் தோட்டங்களில் கலவரத்தில் அடிபட்டு, உடுத்த துணியோடு இங்கே வந்து, அவர்களின் வயலில் கூலிக்கு நின்று, மெல்ல மெல்லக் காலூன்றிய ஆட்கள். சண்டைக் காலத்தில் எல்லாரும் ஒரே பங்கருக்குள்தான் கிடந்தோம். ஆனாலும் கோபம் வந்தால் சிலருக்கு இன்னும் வாயில் வருவது "மலைநாட்டுச் சனம்" என்பதுதான். எனக்கும் வாய் இருக்கிறது, நானும் திருப்பிக் கொடுப்பேன்.

என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவில் இருந்து வந்த சனம் என்று அவருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கவில்லை, அதனால் வாக்கும் இல்லை. தேர்தல் நாளில் ஊர்ச்சனம் வெள்ளை வேட்டி கட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போவதை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வாக்குச்சீட்டில் ஒரு புள்ளடிகூடப் போடாமலே செத்துப்போனார். பிரஜாவுரிமை பிறகு எனக்குத்தான் கிடைத்தது, அதனால் எனக்கு வாக்கு என்றால் ஒரு வெறி. ஒருமுறை, சண்டைக் காலத்தில் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னபோது, ஊரோடு ஊராக நானும் போகாமல் இருந்திருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அதன்பிறகு ஒரு தேர்தலையும் விட்டதில்லை. போட்டதெல்லாம் தோற்றது. ஒரே ஒருமுறை வென்றது, அதுவும் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதற்காகப் போட்டது. இந்த ஆள் வரவேண்டும் என்று நானாக விரும்பிப் போட்டது இந்தத் தேர்தலில்தான்.

ஊரில் ஆளுக்கொரு கதை. தமிழனுக்குத்தான் போடவேண்டும் என்றார்கள் சிலர். வழக்கமாகப் போடுகிற பெரிய கட்சிக்குப் போடுவோம் என்றார்கள் சிலர். போடவே வேண்டாம் என்றும் சிலர் சொன்னார்கள். நான் கடையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே யாருக்குப் போடப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னேன். இவ்வளவு காலமும் ஒரே ஆட்களை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று, சிங்களவர் என்றாலும் புதிதாக ஒருவரைப் பார்ப்போம் என்பதுதான் என் நியாயம். அதில் பெரிய அரசியல் ஒன்றும் இல்லை.

கமக்காரர் சங்கத் தலைவர் அன்றைக்குக் கடையில் இருந்தவர். என்னுடைய பெரிய வாடிக்கையாளர் அவர்தான். சங்கக் கூட்டம் என்றால் தேத்தண்ணி, வடை எல்லாம் என்னிடம்தான் எடுப்பார். அவர் சிரித்துவிட்டு, "தெற்கத்தையான் வந்து உனக்கு என்னத்தைக் கிழிக்கப் போறான்?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சந்தியில் மருதமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். அவரைப் பார்த்து எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்: "பிள்ளையாரே, அவர் வெண்டால் உனக்கு ஒரு பானை பொங்கல்." நேர்த்தி வைத்தாயிற்று.

வாக்குப் போட்ட மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஊரடங்கு. கடை பூட்டு. அந்த முறை முதல் எண்ணுகையில் ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை, இரண்டாம் விருப்பு வாக்கையும் எண்ணவேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னேரம் கடந்து அறிவித்தபோது கதிரையில் இருந்து துள்ளி எழும்பியதில் மடியில் இருந்த சுளகும் அரிசியும் குசினி முழுக்கச் சிதறியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஐயோ, என்ன சந்தோசம்! எங்கள் குடும்பத்தில் ஒரு புள்ளடி வென்றுவிட்டதே!

வெடி கொளுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். பொங்கலுக்குச் சத்தம் இல்லை, பொங்குவோம் என்றேன். கணவர் தலையில் கை வைத்தார். "உனக்கு விசரே? ஊரே மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கு. நேர்த்தியைப் பிறகு ஒரு நாளைக்குச் செய்யலாம்." பிள்ளையாருக்குக் கடன் சொல்ல நான் ஆயத்தமில்லை.

விடிந்ததும் கடை வாசலில் மூன்று கல் வைத்துப் புதுப்பானையை ஏற்றினேன். அப்போதுதான் பார்க்கிறேன், பொங்கலுக்கு நிறம் கொடுக்கிற வெல்லச் சர்க்கரை இல்லை. முதல்நாள் மத்தியானம் ஊரடங்கை எடுத்த பிறகும் ஒரு கடையும் திறக்கவில்லை. தேத்தண்ணிக்கு வைத்திருந்த வெள்ளைச் சீனிதான் இருந்தது. அதனால் என்ன, பாலும் அரிசியும் சீனியும் போதும் என்று நினைத்தேன். பசுப்பால் பொங்கி வழிந்தது, தேங்காய்ப்பாலும் விட்டுக் கிண்டினேன். இறக்கியபோது பானை நிறைய வெள்ளை வெளேர் என்று இருந்தது. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு, கடை மேசையில் பானையை வைத்து, தேத்தண்ணிக்கு வருகிறவர்களுக்கு வாழையிலைத் துண்டில் ஒவ்வொரு அகப்பை வைத்துக் கொடுத்தேன். சிலர் நக்கலாகச் சிரித்தார்கள், ஆனாலும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பானையை எட்டிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்ன இது, பாற்சோறோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொங்கல் என்றேன்.

"சர்க்கரை எங்கை? இது பாற்சோறுதான். சண்டை முடிஞ்ச அண்டைக்கு தெற்கில ரோட்டுரோட்டா நிண்டு இதைத்தானே குடுத்தவை? நாங்கள் முகாமில முள்ளுக்கம்பிக்குள்ள கஞ்சிக்கு வரிசையில நிக்கேக்கை அவை இதைத்தானே திண்டவை? மறந்து போச்சே உனக்கு?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அது என் மண்டையில் ஏறவே இல்லை. வெற்றிக்குச் சிங்களவர் கிண்டுகிற பாற்சோறும் என் பானையில் இருந்த சோறும் பார்வைக்கு ஒன்றுதான். ஒரு பிடி சர்க்கரை இருந்திருந்தால் இந்தக் கதையே வந்திராது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் இலையை மெல்லக் கீழே வைத்தார். இன்னொருவர் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். என் கணவர் உள்ளே இருந்து தட்டு ஒன்றை எடுத்துவந்து பானையை மூடினார்.

அந்தத் தட்டைக் கண்டதும்தான் எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. செத்தவீட்டில் சிரித்துப் பிடிபட்ட ஆளைப் போல என்னை ஆக்கிவிட்டார்களே! தட்டைப் பிடுங்கி மேசையில் அடித்தேன்.

"அண்ணை, அந்த வரிசையில உங்களுக்கு முன்னுக்கு நிண்டவள் நான். மறக்கேல்லை. அவை திண்டது நாங்கள் தோத்ததுக்கு. நான் பொங்கினது நான் வெண்டதுக்கு. என்ர அப்பா ஒரு புள்ளடி போடாமல் செத்தவர். சீனி போட்டால் என்ன, சர்க்கரை போட்டால் என்ன, இது என்ர பொங்கல்."

"ஓமோம், நீதான் வெண்டனி," என்றார் அவர். "இனிச் சங்கத்துக்குத் தேத்தண்ணி வேற இடத்தில எடுப்பம்."

"எடுங்கோ," என்றேன். சங்கத்தின் வியாபாரம் போனால் கடையில் பாதி போன மாதிரி. அதற்கும் நான் துணிந்துவிட்டேன். ஆனால் அந்த நேரம் பார்த்து வாய்க்கால் பக்கமாக அந்த அக்கா வந்துகொண்டிருந்தா. அதற்குத்தான் நான் துணிந்திருக்கவில்லை.

அந்த அக்காவின் மகன் கடைசிச் சண்டையோடு காணாமல் ஆக்கப்பட்டவன். எத்தனையோ வருசமாக, கிளிநொச்சியில் மற்றத் தாய்மாரோடு போராட்டக் கொட்டிலில் உட்கார்ந்து பிள்ளை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறா. பஸ்ஸுக்கு வருகிறபோதெல்லாம் என் கடையில்தான் ஒரு பிளேன்ரீ குடிப்பா. மகனின் படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியிலேயே வைத்திருப்பா. இந்த ஊரில் என்னை ஒருநாளும் மலைநாட்டாள் என்று பார்க்காத மனுசி. முகாமில் என் காய்ச்சலுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்ததும் அவாதான். அவாவுக்கு இது பாற்சோறாகத் தெரிந்தால் நான் என்ன செய்வேன்? தலைவரோடு சண்டை பிடிக்கலாம், அவாவோடு முடியுமா?

தலைவர் விடவில்லை. "அக்கா, வந்து பாருங்கோ. உங்கட சிநேகிதி ஜனாதிபதிக்குப் பாற்சோறு பொங்கியிருக்கிறா."

எல்லாரும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவா பானையைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"என்ன பிள்ளை விசேஷம்?"

பொய் சொல்லியிருக்கலாம். கோயில் நேர்த்தி என்று மட்டும் சொன்னாலும் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஒளிக்க மனம் வரவில்லை. "நான் போட்டவர் வெண்டிட்டார் அக்கா. அந்தச் சந்தோசத்தில பொங்கினனான்," என்றேன். ஒரு அகப்பை எடுத்து இலையில் வைத்து நீட்டினேன்.

அவா வாங்கவில்லை. "எனக்கு இது இறங்காது பிள்ளை," என்றா. கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. தலைவர் வெற்றியோடு என்னைப் பார்த்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினா.

"தம்பி, இவள் சந்தோசப்பட்டால் என்ர துக்கம் பழுதாப் போகாது. என்ர பிள்ளையைச் சொல்லி இவளின்ர பானையை மூடாதையும்."

நான் இனி எல்லாம் முடிந்தது, தப்பினேன் என்று நினைத்தேன். அக்கா விடவில்லை. வாங்கில் வந்து உட்கார்ந்து, மடியில் இருந்த பையைத் திறந்து, படத்தை எடுத்துப் பானைக்குப் பக்கத்தில் வைத்தா.

"உன்ர ஆள்தானே வெண்டது? அப்ப இனி நான் உன்னட்டைத்தான் கேப்பன். என்ர பிள்ளை எங்கை?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் தேத்தண்ணி விற்கிறவள், எனக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்குத்தானே அக்கா போட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் கொஞ்சம் முன்னர்தான் நான் வென்றேன் என்று ஊருக்கே கேட்கக் கத்தியிருக்கிறேன். வெல்லும்போது என்னுடைய வாக்கு, கேட்கும்போது யாரோ ஒருவரின் அரசாங்கமா?

படத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடச் சேட்டோடு, தலையை வழித்து வாரி இழுத்திருந்தான்.

"என்னட்டையே கேளுங்கோ அக்கா," என்றேன். "எனக்குத் தெரியாது. ஆனால் நான் அவரைக் கேப்பன். இண்டைக்கு நானும் உங்களோட வாறன்."

கையைத் துடைத்துக்கொண்டு, கணவரிடம் கடையைப் பார்க்கச் சொன்னேன். பானையை மூடினால் வந்து உடைப்பேன் என்றும் சொன்னேன். பஸ் வந்தது. நாங்கள் ஏறியபோது தலைவர் இன்னும் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடிதான் நின்றார்.

கொட்டிலில் இருந்த தாய்மார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். புது ஜனாதிபதி பதவி எடுக்கிற அன்றைக்கே அவருக்குப் போட்ட ஒருத்தி வந்து உட்கார்ந்தால் பார்க்கமாட்டார்களா? ஒரு அம்மா நேராகவே கேட்டா, உனக்கு இங்கே என்ன வேலை என்று. "நான் அவருக்குப் போட்டனான் அம்மா, அதாலதான் வந்தனான்," என்றேன். மடியில் அந்தப் பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் இருந்தேன். அழுகை வந்தது, அழுதேன். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். என் சந்தோசம் அங்கேயும் போகவில்லை. வென்றவள் என்ற நிமிர்வோடுதான் அந்த வெயிலில் இருந்தேன். முதல்நாள் குசினியில் துள்ளிய துள்ளலை விட அது பெரிதாக இருந்தது.

சங்கம் கொஞ்சக் காலம் வேறு இடத்தில் தேத்தண்ணி எடுத்தது. பிறகு ஒருநாள் தலைவரே வந்து, எதுவும் நடக்காத மாதிரி "ரெண்டு பிளேன்ரீ" என்றார். நானும் எதுவும் நடக்காத மாதிரி ஆற்றிக் கொடுத்தேன். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா இன்றுவரை அந்தப் பொங்கலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கடையைப் பார்க்க ஆள் இருக்கிற நாட்களில் நானும் அவாவோடு பஸ் ஏறுகிறேன். "என்ன, உன்ர ஆள் பதில் சொல்லிட்டாரோ?" என்று சந்தியில் நின்று நக்கலடிக்கிறவர்களும் உண்டு. இன்னும் இல்லை என்கிறேன், அதுதான் உண்மை.

ஆனால் அன்றைக்குப் பொங்கியதற்காக நான் ஒரு நாளும் தலைகுனியப் போவதில்லை. அந்தக் கதிரையில் அவரை இருத்திய கைகளில் என் கையும் ஒன்று, ஆகவே அந்த அக்காவின் பிள்ளை எங்கே என்று கேட்பதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.