கியரில் நின்ற டிராக்டர்

ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘நாளைக்கு’. அவருடைய மெக்கானிக் கடையில் எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் கிடைக்கும். “பம்ப்செட் என்னாச்சுண்ணே?” “நாளைக்கு.” கேட்டவன் தலையில் அடித்துக்கொண்டு போவான். வேலை என்னவோ சுத்தம்தான், பேச்சைத்தான் நம்ப முடியாது. அண்ணன் செத்த அன்றோடு அந்தப் பெயரும் நின்றுபோனது. யாரும் கிண்டலுக்குக்கூடச் சொல்லவில்லை. நாலு பேர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அண்ணனுடைய டிராக்டரில் ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் பண்ணிக்கொண்டே இருந்தது. “நாளைக்குக் கழட்டிப் பாத்துடலாம்ண்ணே. அதுவரைக்கும் இப்படி எடுத்துக்கோங்க” என்று, மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே நீள ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காட்டிக்கொடுத்தவர் இவர்தான். பொறி பறக்கும், வண்டி கிளம்பும். சாவி வேண்டாம், சீட்டில் ஏறவும் வேண்டாம். ஆனால் நிற்கிற இடம் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். வண்டி நியூட்ரலில் இருக்கிறவரைக்கும் பயமில்லை. ஒருநாள் அது கியரில் இருந்தது. அவசரத்தில் அண்ணன் பார்க்கவில்லை.

அப்புறம் பல வருஷம், டிராக்டர் நின்ற அந்த ஷெட் பக்கமே இவர் போகவில்லை. ஒருநாள் அண்ணியே கடைக்கு வந்து நின்றாள்.

“மக டிராக்டர் ஓட்டப் போறாளாம், தம்பி. நான் சொன்னா கேக்குற ஆளா அவ? ஆனா அவ கீழ நின்னு ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சாவியிலதான் எடுக்கணும். செஞ்சு குடுங்க.”

வாய் வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

ஷெட்டில் எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி. சீட் மட்டும் பளிச்சென்று இருந்தது, கியர் குமிழும் பளபளத்தது. வண்டி நியூட்ரலில் இல்லை, கியர் விழுந்தே கிடந்தது. நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, மோட்டாரைக் கழற்றிக்கொண்டு ஓட்டமாக வெளியே வந்தார். கடையில் உட்கார்ந்து புது கார்பன், புது புஷ் போட்டு, அன்று மத்தியானமே அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

கியர் மறுபடியும் விழுந்திருந்தது.

பழைய வண்டி, தேய்மானம், தானாக நழுவியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நழுவுகிற கியர் வெளியே அல்லவா வரும், உள்ளே எப்படிப் போகும்? அது தெரியாத ஆளா அவர்! திரும்ப நியூட்ரலுக்குத் தள்ளினார். போல்ட்டுகளை முறுக்கும்போது, தலைக்கு மேல் சீட்டில் யாரோ உட்கார்ந்து தன் பிடரியையே பார்ப்பதுபோல இருந்தது. நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. கேபிளை மாட்டி, பேட்டரியை இணைத்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார்.

அவள் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ‘டக்’. அவ்வளவுதான்.

“இன்னொரு தடவை.”

‘டக்’.

அவர் யோசிக்கவே இல்லை. பையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அதுபாட்டுக்குக் கைக்கு வந்தது. கால்கள் பின் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றன. முனை மோட்டாரைத் தொட இன்னும் ஒரு விரற்கடைதான். என்ன தோன்றியதோ, அப்போதுதான் நிமிர்ந்தார்.

அண்ணியின் கை கியர் குமிழ் மேல் இருந்தது. கியர் விழுந்திருந்தது.

“அண்ணி!”

ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. அவர் எகிறி விலகினார். அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

“அவர் விட்ட மாதிரியே இருக்கட்டும்னு தினமும் சீட்டைத் துடைச்சிட்டு இதை இங்கயே தள்ளிடுவேன், தம்பி. உக்காந்ததும் கை தானாப் போயிடுச்சு.”

தானாகத்தான் போனதா? அப்போதும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவர் அதைக் கேட்டதில்லை.

அவளை இறக்கிவிட்டார். வேலையை விடவில்லை. சாவியிலிருந்து வரும் ஒயர் மோட்டாரில் உட்காரும் இடத்தில் துரு பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். தானே மேலே ஏறி, நியூட்ரலா என்று கியரை ஆட்டி ஆட்டிப் பார்த்து, கிளட்சையும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

ஒரே இழுப்பு. கரும்புகையைக் கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது.

அண்ணி வாசலில் நின்று, சரிசெய்த மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்து கேட்டாள்.

“காலைல வந்து கேட்டேன். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிட்டீங்க. இது ஒரு நாள் வேலைதானா, தம்பி?”

“ஆமா, அண்ணி.”

வண்டிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. காதைக் கொடுத்தபடி அப்படியே நின்றாள். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொன்னார்.