ரெட்டைச்சேர் கடை லிமிடெட் ஆன கதை

கப்பலுக்குக் காய்கறி கொடுக்கிற தொழிலில் கடலைத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. நடுக்கடலில் ஒருத்தனுக்கு என்ன பசிக்கும் என்று தெரிந்தால் போதும்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கும் மாலத்தீவு போகிற தோணிகளுக்கும் வெங்காயம், தக்காளி, குடிதண்ணீர், கயிறு, சோப்பு என்று கேட்டதை ஏற்றி அனுப்புவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் என் தம்பி பொன்ராஜும். ஒரு தடவை தோணியிலிருந்து தவறி விழுந்த எங்கள் வெங்காய மூட்டை ஒன்று தானாகவே மிதந்துபோய், மாலத்தீவில் எந்தக் கடைக்குப் போகவேண்டுமோ அந்தக் கடை வாசலிலேயே ஒதுங்கியது. நம்பாதவர்கள் மாலத்தீவுக்குப் போய் விசாரித்துக்கொள்ளலாம். இப்போது சொல்லப்போவது அதைவிடப் பெரிய அதிசயம். குடும்பக் கடையை லிமிடெட் கம்பெனி ஆக்கப் போய் மூச்சு வாங்கின அண்ணாச்சிமார் யாராவது இதைப் படித்தால், நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை என்று சாட்சி சொல்வார்கள்.

பேசுகிற தராசு

நானும் பொன்ராஜும் ஒரே கடையில் உட்கார்ந்திருந்தோமே தவிர, பல வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒரு கயிற்றுச் சுருளில் ஆரம்பித்த சண்டை. அது தேங்காய் நார்க் கயிறா நைலான் கயிறா என்பதே இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. ஆனால் அன்றைக்கே அவன் திருச்செந்தூருக்குப் போய், "இனி எங்க அண்ணங்கிட்ட பேச மாட்டேன்" என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தான். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் செய்த சத்தியம். அதை மீறுகிறவன் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

அதனால் கடையில் இரண்டு நாற்காலி. அவனுடையது தெருவைப் பார்த்து, என்னுடையது சரக்கு அடுக்குகிற கிட்டங்கியைப் பார்த்து, முதுகோடு முதுகாக. எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றால் அவன் பழைய இரும்புத் தராசிடம் சொல்வான்: "ஏ தராசு, தக்காளி அழுகுதுன்னு சொல்லு." நானும் தராசிடமே பதில் சொல்வேன். எலக்ட்ரானிக் தராசு வந்தபிறகும் பழையதை எடைக்குப் போடாமல் வைத்திருந்தோம், பேசுவதற்காக. தோணிக்காரர்கள் எங்கள் கடைக்கு வைத்த பேரே ரெட்டைச்சேர் கடை. தோணியை ஓட்டுகிற தண்டல் ஒருவர், வெகுநாள் வாடிக்கை, ஒரு நாள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோணியில ஒருத்தனுக்கொருத்தன் பேசலன்னா கரை சேர மாட்டோம். நீங்க எப்படி அண்ணாச்சி இத்தன வருசமா முங்காம இருக்கீங்க?"

கிளாட்வின் கொண்டுவந்த சேதி

எங்களுக்குக் கப்பல் ஆர்டர் தருகிறவன் கிளாட்வின். கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை. அவன் வந்து, கப்பல்காரர்கள் இனிமேல் லிமிடெட் கம்பெனிகளிடம்தான் சரக்கு எடுப்பார்களாம், அடுத்த ஒப்பந்தத்துக்குள் கம்பெனி பேரில் பாங்குக் கணக்கோடு வரவேண்டுமாம் என்றான். கப்பல் ஆர்டர் போனால் கடை போகும். கடை போனால், "மூடிட்டு இங்கன வாங்கப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற மகனிடம் பொன்ராஜ் பஹ்ரைனுக்குப் போய்விடுவான். பேசாத தம்பிதான், இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் மூச்சுவிடுகிற சத்தம் இல்லாமல் எனக்கு அந்த நாற்காலியில் உட்காரத் தெரியாது.

நாங்கள் ரெண்டு பேரும் கல்லு மாதிரி இருக்கிறோமே, இப்போது எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். கேட்கும்போதே பாழாய்ப்போன இருமல் வந்துவிட்டது. கிளாட்வின் அது அடங்குகிறவரை காத்திருந்து, தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "கோவிச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி. ரெண்டு பேர்ல ஒருத்தர் போயிட்டா உங்க கூட்டு வியாபாரமும் அதோட முடிஞ்சிரும். கப்பல்காரன் உங்க பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும்னு பட்டினி கிடப்பானா?"

சாகாத ஆள்

கம்பெனி பதிந்துகொடுக்கக் காயல்பட்டினத்திலிருந்து பாத்திமா வந்தாள். படித்தது கம்பெனி செக்ரட்டரி படிப்பு. எங்கள் ஊரில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்குகிற எல்லாரும் ஆடிட்டர்தான், ஆகவே ஆடிட்டரம்மா. கம்பெனி என்றால் என்ன என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நானும் தம்பியும் அதற்கு டைரக்டர்களாம், ஆனால் அது ஒரு தனி ஆளாம். உடம்பு கிடையாது, ஆனால் வீடு வாங்கும். வாய் கிடையாது, ஆனால் கோர்ட்டில் வழக்குப் போடும். நானும் தம்பியும் போய்ச் சேர்ந்தாலும் அது பாட்டுக்கு இருக்கும். ஆளில்லாமல் ஓடின கப்பல், மனுஷக் குரலில் அழுத ஆமை என்று ஊருக்கு எத்தனையோ அவிழ்த்துவிட்டவன் நான். என் கதை ஒன்றிலும் இப்படி ஒரு ஆள் வந்ததில்லை. அரசாங்கம் என்னைவிடப் பெரிய கதைசொல்லி என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

பொன்ராஜ் தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தராசிடம் திரும்பி, டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரும் வீட்டுக்குப் போய்க் கைலி கட்டுகிறவரும் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்கச் சொன்னான். சற்று நேரம் கழித்து அதையே இன்னொரு தடவை கேட்டான். எதற்கு இந்தக் கேள்வி என்று எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் வழக்கம் பழகிவிட்ட பாத்திமா தராசைப் பார்த்தே பதில் சொன்னாள்: "கைலி கட்டுதவரு வேற, டைரக்டரா உக்காந்து பேசுதவரு வேறன்னு சொல்லு, தராசு."

பேர் வைத்த கூத்து

கம்பெனிக்குப் பேர் வைக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முத்து என்று தொடங்கி நான் சொன்ன பேரெல்லாம் ஏற்கெனவே யாரோ வைத்துவிட்டார்கள். எங்கள் கடலில் முத்துக் குளிப்பது நின்று எவ்வளவோ காலமாயிற்று, கம்பெனிப் பேர்களில் மட்டும் ஆட்கள் இன்னும் முங்கிக்கொண்டே இருக்கிறார்கள். கப்பல், கடல், அலை, நங்கூரம் எல்லாவற்றுக்கும் அதே கதி. பொன்ராஜ் தராசு வழியாக எங்கள் அப்பா பேரைச் சொன்னான். அந்தப் பேரில் பாதி ஜில்லா இருக்கிறது.

அப்போதுதான் தண்டல் உள்ளே வந்து, "ரெட்டைச்சேர்ல கயிறு இருக்கா?" என்றார். பாத்திமாவின் விரல் தானாக அதைத் தட்டியது. கம்ப்யூட்டர் யோசித்தது. மறுக்கவில்லை. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை அந்தப் பேரில் ஒருத்தரும் இல்லை என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். இவ்வளவு பெரிய தேசத்தில் எங்களுக்கென்று ஒரு காலி இடம் இத்தனை காலமாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. பாத்திமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தப் பேர இதுக்கு முன்னால வைக்கணும்னா, உங்கள மாதிரி இன்னும் ரெண்டு பேரு எங்கயாவது இருந்திருக்கணும்லா, அண்ணாச்சி."

பேரைச் சொன்னால் கையெழுத்து

இந்தக் காலத்தில் கையெழுத்துப் போடக் கை தேவையில்லை. செல்போன் முன்னால் உட்கார்ந்து, பேரைச் சொல்லி, டிஜிட்டல் கையெழுத்துக்கு நானாகத்தான் விண்ணப்பிக்கிறேன் என்று சொல்லவேண்டும். எங்கேயோ இருக்கிற ஒருத்தர் அந்த வீடியோவைப் பார்த்து, இது உயிருள்ள ஆசாமிதான் என்று ஒத்துக்கொண்டால் கையெழுத்து பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் குச்சிக்குள் அடைபட்டு வந்துவிடும். பேய் பிசாசை முடிந்துவைக்கிற மந்திரவாதிகூட இத்தனை சுலபமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

பொன்ராஜ் இரண்டே வாக்கியம் பேசினான். உடனே ஏற்றுக்கொண்டார்கள். நான் பேரைச் சொன்னேன். வெறும் பேரைச் சொன்னால் அந்த மனுஷருக்கு நம்மைப் பற்றி என்ன விளங்கும் என்று, சின்ன வயதில் என்னைத் திமிங்கிலம் முதுகில் ஏற்றிவந்து பழைய துறைமுகத்தில் இறக்கிவிட்ட விவரத்தையும் சேர்த்துச் சொன்னேன். நிராகரித்துவிட்டார்கள். மறுபடி எடுத்தோம், திமிங்கிலம் மறுபடியும் வந்துவிட்டது. அப்போது என் நாற்காலி குலுங்கியது. முதுகோடு முதுகாக உட்கார்ந்திருப்பவன் சிரித்தால் அது நாற்காலி வழியாகத்தான் வந்துசேரும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திமா போனைத் துடைத்து மறுபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவுக கேக்கது உங்க பேரு மட்டுந்தான் அண்ணாச்சி. உங்க பேருக்குள்ள திமிங்கிலம் இல்ல."

பிறந்த அன்றே பான் கார்டு

ஒரு மத்தியானம், கிட்டங்கியில் வெங்காயம் உதறிக்கொண்டிருக்கும்போது கம்பெனி பிறந்துவிட்டது. வலியில்லை, அழுகையில்லை. பாத்திமா போனில் காட்டினாள்: சான்றிதழ், நீளமான ஒரு நம்பர், கூடவே பான் நம்பர். சட்டப்படி வாசலில் கம்பெனி பேரைத் தமிழிலும் எழுதவேண்டுமாம். பெயிண்டர் வந்து எழுதி முடிக்கிறவரை நான் தெருவிலேயே நின்றேன். எதிரே துறைமுகத்துக்குள் ஒரு பெரிய கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான், அதன் சொந்தக்காரனும் ஒரு கம்பெனி, நம்முடையதும் ஒரு கம்பெனி, சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஜாதி என்று தோன்றியது. கப்பலுக்கு ஒரு சலாம் வைத்தேன். கையை இறக்குவதற்குள் இருமல் வந்துவிட்டது.

பொன்ராஜும் போர்டைப் பார்க்க வெளியே வந்து எனக்குப் பக்கத்திலேயே நின்றான். தராசு உள்ளே இருந்ததால் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. தண்டல்தான் நான் நீட்டின மிட்டாயை வாங்கிக்கொண்டு, விவரம் கேட்டுவிட்டு, வருத்தப்பட்டார்: "பொறந்த அன்னைக்கே வரி கட்டத் தயாரா வந்திருக்கே. பாவம் அண்ணாச்சி, கொஞ்ச நாள் விளையாட விடுங்க."

முதல் கூட்டம்

பிறந்தும் பிரயோஜனமில்லை என்ற நிலைமை அதற்குப் பிறகுதான் வந்தது. பாங்குக் கணக்கு தொடங்க டைரக்டர்கள் கூடித் தீர்மானம் போடவேண்டும். இரண்டு டைரக்டரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தர் சொல்ல மற்றவர் ஒத்துக்கொள்ளவேண்டும். கணக்கு இல்லாவிட்டால் கிளாட்வின் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் பஹ்ரைன். நான் தராசை மேஜைமேல் தூக்கி வைத்தேன். பாத்திமா அதை மரியாதையாக எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். தராசு டைரக்டர் இல்லையாம், கூட்டத்தில் உட்கார அதற்கு உரிமை கிடையாதாம்.

நாற்காலிகளைத் திருப்பிப் போட்டோம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பொன்ராஜின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தேன். அப்பா முகம். பயல் எப்போது இவ்வளவு கிழவன் ஆனான் என்று திகைப்பாக இருந்தது. சேர்மனாக யாரைப் போடலாம் என்று பாத்திமா கேட்டதும் அவன் என்னைக் கையால் காட்டினான். நான் சம்மதித்தேன். அவள் எழுதிக்கொண்டாள். அடுத்து பாங்குக் கணக்கு. வாயைத் திறந்து சொல்லியாகவேண்டும். பொன்ராஜ் தன் உள்ளங்கையை, சூடம் அணைத்த அந்தக் கையை, விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். வேண்டாம்லே, சத்தியத்தை மீறாதே, கடை போனால் போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சேர்மன் அவர்களே," என்றான். "கம்பெனி பேர்ல கணக்குத் தொடங்கலாம்னு நான் சொல்லுதேன்."

பாத்திமாவின் பேனா நின்றுவிட்டது. அவளிடம் பொன்ராஜ் பொறுமையாக விளக்கினான்: "எங்க அண்ணங்கிட்ட பேச மாட்டேன்னுதான் சூடம் அணைச்சேன். சேர்மன்கிட்ட பேச மாட்டேன்னு அணைக்கல. அவரு வேற, இவரு வேறன்னு நீதான சொன்ன."

தீர்மானம் நிறைவேறியது. எழுந்திருக்கலாமா என்று கேட்டேன். இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது என்று அவன் கையைத் தூக்கினான். எனக்கு இருமல் வந்தது. அது நிற்கிறவரை காத்திருந்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, கூட்டத்தின் கடைசி விஷயத்தைச் சொன்னான்: "சேர்மன் அவர்களே, ஒரு மாசமா இருமுதீங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. கம்பெனி டைரக்டர் ஒருத்தரு கூட வாராரு."

கிளாட்வின் ஒப்பந்தம் வந்துவிட்டது, இருமல் போய்விட்டது; எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்குச் சட்டப்படி வருஷத்துக்கு இரண்டு கூட்டம் போதுமாம், ஆனால் ரெட்டைச்சேர் பிரைவேட் லிமிடெட்டில் மட்டும் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி பூட்டுகிறவரை டைரக்டர்கள் கூட்டம் நடந்துகொண்டே இருக்கிறது.